கால் மணி நேரச் சூனியக்காரி

புவனேந்திரன் ஒரு சூனியக்காரி என்ற செய்தி, குப்பை வண்டி வரும் நாட்களின் அட்டவணையோடு ஒரே உறையில் வந்தது.

அவர் ஹில்டர்ஸ்பாஹ் என்ற சின்ன ஜெர்மன் நகரத்தில் ஏழாம் இலக்க பஸ் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தொன்பது. அடர்ந்த மீசை. இருபது வயதில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பிளாஸ்டிக் பையுடன் வந்து இறங்கியவர். அன்றிலிருந்து யாருக்கும் கெடுதல் செய்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருப்பார். ஆகவே கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"மதிப்புக்குரிய வீட்டுவாசி அவர்களே, ஆலைச் சந்து 4ஆம் இலக்க வீட்டின் மீது 1629ஆம் ஆண்டு தொடங்கிய சூனிய வழக்கு இன்னும் முடிவடையவில்லை என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறோம். குற்றம் சாட்டப்பட்ட சூனியக்காரி (ஆண்/பெண்/பிற) என்ற முறையில் தாங்கள் திங்கட்கிழமை காலை 8.20க்கு அறை 214க்கு வரவும். அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கொண்டுவரவும். பறக்கும் உபகரணம் இருந்தால் வெளியே நிறுத்தவும்."

மனைவி ஜெயமலர் கடிதத்தைப் பறித்துப் பார்த்தார்.

"இந்த வீட்டில பொம்பிளை நான். சூனியக்காரி எண்டு உங்களுக்கு ஏன் போட்டிருக்கு?"

"வாடகை ஒப்பந்தம் என்ரை பேரில எல்லோ இருக்கு."

"எல்லாம் உங்கட பேரிலதான். எனக்கெண்டு இந்த நாட்டில ஒண்டும் இல்லை."

பிறகுதான் ஜெயமலர் நாட்காட்டியைப் பார்த்தார். வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நகரசபை மண்டபத்தில் புவனேந்திரனுக்குக் குடியுரிமைப் பத்திரம் கொடுக்கப் போகிறார்கள். அதற்காக அவர் நான்கு தரம் விண்ணப்பித்திருந்தார். முதல் தரம் படிவம் மாறிவிட்டது. இரண்டாம் தரம் அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். மூன்றாம் தரம் கோப்பு வெள்ளத்தில் போய்விட்டது. நான்காம் தரம் எல்லாம் சரிவந்து, ஜெயமலர் அறுபது பேருக்குச் சொல்லியும் விட்டார். ஜெர்மன்காரர் போயும் போயும் வெள்ளிக்கிழமையில் வைத்ததால் ஆட்டிறைச்சி ரோல்ஸ் மரக்கறி ரோல்ஸாக மாறியிருந்தது. அதைத் தவிர வேறு குறை இல்லை.

"வழக்கு ஒண்டு வந்தால் ஜெர்மன் பாஸ்போட் தருவாங்களே?" என்று கேட்டார் ஜெயமலர்.

"நான் ஒண்டும் செய்யேல்லையே."

"செய்யேல்லை எண்டு நீங்கள் சொல்லி இதுவரைக்கும் ஆர் நம்பினது?"

ஆஹென் நகரத்தில் படிக்கும் மகள் கிருசாந்திக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். அவள் இயந்திரப் பொறியியல் படிக்கிறவள். "அப்பா, ஒரு இடத்திலயும் கையெழுத்து வைக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

நகரசபையின் அறை 214இன் கதவில் 'வரலாற்று அநீதிகளை ஒழுங்குபடுத்தும் பிரிவு' என்று எழுதியிருந்தது. உள்ளே அதன் தலைவி, டொக்டர் ஸ்டெங்கல் அம்மையார், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் பீலிக்ஸ் என்ற எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அம்மையார் எழுந்து கை கொடுத்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"நாங்கள் வெட்கப்படுகிறோம், ஹெர் புவனேந்திரன். நானூறு வருடத்துக்கு முன்னர் இந்த நகரம் உங்கள் வீட்டில் இருந்த மார்கரெத்தா லோர் என்ற விதவைக்குப் பெரிய அநீதி செய்தது. அவள் குற்றத்தை நீக்கி, அவள் பெயருக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். சனிக்கிழமை கல்வெட்டுத் திறப்பு. அமைச்சர் வருகிறார். ஊதுகுழல் வாத்தியக் குழு வருகிறது. ஒரேயொரு சிக்கல்தான் இருக்கிறது."

"என்ன சிக்கல்?"

"அவளைத் தண்டிக்கவில்லை. தீர்ப்புக்கு இரண்டு நாள் முந்தி ஓடிவிட்டாள்."

"நல்லதுதானே."

"அவளுக்கு நல்லது. எங்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! குற்றவாளி என்று தீர்க்கப்பட்ட ஒருவருடைய குற்றத்தைத்தான் நீக்கலாம். தீர்க்கப்படாதவளுக்கு எதை நீக்குவது? படிவத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே முதலில் வழக்கை நடத்தி முடிக்க வேண்டும். குற்றவாளி என்று தீர்ப்பளிக்க வேண்டும். பிறகு உடனே வெட்கப்பட வேண்டும்."

"அதற்கு நான் ஏன்?"

"குற்றம் சாட்டப்பட்டவர் இல்லாமல் வழக்கு நடத்துவது மனித உரிமை மீறல்" என்றார் அம்மையார், சற்றுக் கடுமையாக. "நாங்கள் இடைக்காலத்தில் இல்லை. உங்கள் வாசலில் பனி விழுந்தால் யார் அள்ளுவது? வீட்டில் இருக்கிறவர். வழக்கும் அப்படித்தான். வீட்டோடு வருகிறது."

புவனேந்திரன் தொப்பியைக் கையில் உருட்டினார். "வெள்ளிக்கிழமை எனக்குக் குடியுரிமை தருகிறார்கள். குற்றவாளி என்றால் தரமாட்டார்களே."

அம்மையார் புன்னகைத்தார். "அதையும் கவனித்துவிட்டோம். வெள்ளி காலை பதினொன்றரைக்குத் தீர்ப்பு. பதினொன்றே முக்காலுக்குக் குற்ற நீக்கம். பன்னிரண்டுக்கு அலுவலகம் மூடுகிறோம். நீங்கள் கால் மணி நேரம்தான் சூனியக்காரி. உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"பதினொன்றே முக்காலுக்கு முடியாவிட்டால்?"

"திங்கட்கிழமை செய்வோம்."

"விழா வெள்ளி இரண்டு மணிக்கு."

"ஆகவேதான் ஒத்துழையுங்கள் என்கிறேன்."

புதன்கிழமை நிறைச் சோதனை நடந்தது. சூனியக்காரிக்கு உடம்பில் பாரம் இருக்காது என்பது பழைய விதி. சட்டப்படி முத்திரையிட்ட பெரிய தராசு நகரத்தில் ஒன்றுதான் இருந்தது. அது பழைய பொருட்கள் சேகரிக்கும் முற்றத்தில், லொறிகளை நிறுக்கும் தராசு. புவனேந்திரன் அதன் நடுவில் போய் நின்றார். அந்தத் தராசு நானூறு கிலோவுக்குக் குறைந்ததைப் பாரமாகவே கருதாது. துண்டு அச்சாகி வந்தது. அதில் பூச்சியம் என்று இருந்தது.

"பூச்சியம்!" என்றார் அம்மையார், மெய்மறந்து. "பதினேழாம் நூற்றாண்டில்கூட இவ்வளவு தெளிவான முடிவு வந்ததில்லை."

அன்று மாலை ஜெயமலர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண்பத்தாறு கிலோ மனிசன். போன வருசம் ஆர் இருந்து கதிரை முறிஞ்சது எண்டு என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

வியாழக்கிழமை நீச்சல் குளத்தில் தண்ணீர்ச் சோதனை. மிதந்தால் சூனியக்காரி, மூழ்கினால் நிரபராதி. புவனேந்திரனுக்கு நீந்தத் தெரியாது. கல்லுப் போல மூழ்குவோம் என்ற நம்பிக்கையோடுதான் வந்தார். ஆனால் குளத்துக் காவலர் சம்மதிக்கவில்லை. அவர் கழுத்தில் விசிலும் மனசில் விதிகளும் உள்ளவர்.

"என் குளத்தில் ஒருவரும் மூழ்கக் கூடாது. நீந்தத் தெரியாதவர் கையில் காற்றுப்பை கட்ட வேண்டும். அதற்கு முன்னால் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும்."

"காற்றுப்பை கட்டினால் அவர் மிதப்பாரே" என்றார் பீலிக்ஸ்.

"அதற்காகத்தான் கட்டுவது."

சிறுவர் அளவில் மட்டுமே காற்றுப்பை இருந்தது. வாத்துப் படம் போட்ட இரண்டு செம்மஞ்சள் காற்றுப்பைகளோடு புவனேந்திரன் இறங்கினார். மிதந்தார். அம்மையார் கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம் என்று குறித்தார். அந்த நேரம் தண்ணீர்ப் பயிற்சிக்கு வந்திருந்த முதியவர்கள் பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள். அவர்களில் பலருக்கு அவருடைய பஸ்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறை 214இல் விசாரணை தொடங்கியது. பார்க்க நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஜெயமலர் விழாவுக்கு உடுத்த பட்டுச் சேலையோடு முன்வரிசையில் இருந்தார்.

அம்மையார் 1629ஆம் ஆண்டுக் குற்றப் பத்திரத்தை வாசித்தார். மார்கரெத்தா லோர், பக்கத்து வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்தவனுக்கு மூன்று நாள் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் பிழைத்துக்கொண்டான். அவள் உறவும் அல்ல, கூலியும் கேட்கவில்லை. ஏன் கொடுத்தாள் என்று கேட்டபோது 'அவனுக்குப் பசித்தது' என்றாள். நீதிமன்றம் இந்தப் பதிலைச் சந்தேகத்துக்குரியது என்று எழுதி, குற்றத்தின் பெயரையும் எழுதியிருந்தது: காரணமின்றி நன்மை செய்தல்.

"காலத்துக்கு ஏற்ப நாங்கள் புதிய சாட்சியங்களும் சேர்க்க வேண்டும்" என்றார் அம்மையார். "2019 ஆகஸ்டில் உங்கள் வீட்டிலிருந்து எழுந்த ஒரு புகையால் சந்து முழுவதும் இருமியது. தபால்காரர் அழுதார். ஒரு நாய் திரும்பி வரவே இல்லை."

"அது நான் தூளுக்கு மிளகாய் வறுத்தது" என்றார் ஜெயமலர் எழுந்து நின்று. "நாய் அடுத்த நாள் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது."

"நாயையும் வசப்படுத்தினார் என்று எழுதுங்கள், பீலிக்ஸ். அடுத்தது, நேரத்தை நிறுத்துதல். பஸ் கம்பனியின் பதிவுகள் என்னிடம் உள்ளன. ஹெர் புவனேந்திரன், தினமும் காலை 7.42க்குச் சந்தைத் தரிப்பில் உங்கள் பஸ் ஒரு நிமிடம் முப்பது வினாடி பிந்துகிறது. தேவாலயத் தரிப்பில் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறது. அந்த ஒன்றரை நிமிடம் எங்கே போகிறது?"

"யாராவது ஓடிவருவார்கள். நிற்பேன்."

"யார்?"

"ஓடிவருகிறவர்கள்தான்."

"எதற்காக நிற்கிறீர்கள்?"

புவனேந்திரனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "அவர்கள் ஓடிவருகிறார்களே" என்றார்.

அம்மையார் சபையைப் பார்த்தார். "பாருங்கள். அதே பதில். நானூறு வருடமாக இந்த வீடு மாறவே இல்லை."

பிறகு கண்ணீர்ச் சோதனை. சூனியக்காரியால் அழ முடியாது. புவனேந்திரனுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். காற்றுப்பையின் வாத்துகள் ஞாபகம் வந்து அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஜெயமலர் கைப்பையிலிருந்து ஒரு வெங்காயம் எடுத்தார். வெங்காயம் துணைக்கருவி என்றும், அதற்கு நான்கு வாரம் முந்தி விண்ணப்பித்திருக்க வேண்டும் என்றும் அம்மையார் தள்ளுபடி செய்தார்.

மணி பதினொன்று. இனி ஒப்புதல் வாக்குமூலம் மட்டுமே மிச்சம். நான்கு பக்கப் படிவம் அவர் முன்னால் வந்தது.

"இதில் நான் பறந்தேன் என்று இருக்கிறது."

"ஆம். கையெழுத்திடுங்கள்."

"நான் பறக்கவில்லையே. இன்று விரதம். பொய் சொல்லக் கூடாது."

"இது பொய் அல்ல" என்றார் அம்மையார் கனிவாக. "இது படிவம்."

புவனேந்திரன் கண்ணை மூடி முருகனை நினைத்தார். பிறகு யோசித்துப் பார்த்தார். 1986இல் கொழும்பிலிருந்து ஷோனெஃபெல்டுக்குப் பறந்தது உண்மைதான். கையெழுத்து வைத்தார். இரண்டாம் பக்கத்தில் காரணமின்றி நன்மை செய்தேன் என்று இருந்தது. வெட்கத்தோடு அதற்கும் வைத்தார். மூன்றாம் பக்கம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு. நான்காம் பக்கத்தில் கை நின்றது.

'என்னோடு சேர்ந்து சூனியம் செய்தவர்களின் பெயர்கள். குறைந்தது இருவர்.'

"இதை வெறுமையாக விடலாமா?"

"முடியாது. கட்டாயப் பகுதி. நிரப்பாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. யாராவது இரண்டு பேர். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர். பயப்படாதீர்கள், அவர்களுக்கும் பிறகு கல்வெட்டு வைப்போம்."

புவனேந்திரன் பேனாவை மேசையில் வைத்தார்.

"ஏலாது" என்றார் தமிழில். பிறகு ஜெர்மன் மொழியில் மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பத்தொன்பது வயதில் எங்கள் ஊரில் இராணுவத்தினர் எங்களை வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள். தலையில் சாக்குப் போட்ட ஒருவனை ஜீப்பில் இருத்தியிருந்தார்கள். அவனுக்கு 'தலையாட்டி' என்று பெயர். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவரைக் கொண்டுபோனார்கள். எனக்கு முன்னால் நின்றவனைப் பார்த்து ஆட்டினான். என்னைப் பார்த்து ஆட்டவில்லை. அவனுக்கும் யாரோ, குறைந்தது இருவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அம்மா, நான் ஒருவருடைய பெயரும் எழுத மாட்டேன்."

அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். கடிகாரம் பதினொன்று முப்பத்தொன்பது காட்டியது.

"நான் உங்களை மதிக்கிறேன்" என்றார். "ஆனால் கணினி மதிக்காது. வழக்கு இப்படியே நின்றால் உங்களுடைய இரண்டு மணி..."

"தெரியும்."

புவனேந்திரன் ஜெயமலரைப் பார்த்தார். அறுபது பேருக்கு ரோல்ஸ் சுற்றிய கை அது. ஜெயமலர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "எழுதாதேங்கோ. பாஸ் இல்லாட்டி மசிரே போச்சு. சாப்பாட்டை நாங்கள் சாப்பிடுவம்."

அப்போது தட்டச்சுச் சத்தம் கேட்டது. பீலிக்ஸ் கணினிப் படிவத்தில், பெயர்களுக்கான முதல் கட்டத்தில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"என் பெயரை எழுதுகிறேன். 7.42க்கு ஓடிவருகிறவன் நான்தான். ஒன்பது வருடமாக. நேரத்தை நிறுத்தியதில் எனக்குப் பங்கு உண்டு."

"பீலிக்ஸ்! உங்களுக்கு ஓய்வூதியத்துக்கு ஆறு வருடம்தான் இருக்கிறது!"

"தெரியும், அம்மா. இரண்டாவதாக உங்கள் பெயரை எழுதுகிறேன்."

அம்மையாரின் முகம் வெளிறியது. "என் பெயரையா? நான் என்ன செய்தேன்?"

"போன பெப்ரவரியில் என் தாயார் இறந்தார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் என் மேசையில் ஒரு போத்தலில் சூப் இருந்தது. அதற்கடுத்த நாளும். ஐந்து நாள். காரணம் எங்கும் எழுதப்படவில்லை."

"அது மிச்சமான சூப்."

"சூடாக இருந்தது."

"என்... என் வீட்டு அடுப்பு கொஞ்சம் அதிகமாகச் சூடாக்கும்" என்றார் அம்மையார். ஆனால் அவர் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்துவிட்டது. இருபது வருடம் மறைத்து வைத்த நற்குணம் பிடிபட்டால் யாருக்கும் அப்படித்தான்.

பீலிக்ஸ் பொத்தானை அழுத்தினார். கணினி அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே தீர்ப்பளிக்க முடியாது. பதில் அதிகாரியைத் தெரிவு செய்யவும். பதில் அதிகாரி மயோர்க்கா தீவில் விடுமுறையில் இருந்தார். அவருக்குப் பதிலானவர் பீலிக்ஸ்.

"அவரும் முடியாது" என்றார் அம்மையார், திரையை வாசித்து. "அவரும் சூனியக்காரி."

மணி பன்னிரண்டு அடித்தது. ஜன்னல் இல்லாத அறை 214இன் விளக்குகள் தாமாகவே அணைந்தன. வழக்கு மறு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. இருட்டில் யாரோ கேட்டார்கள்: "அப்படியென்றால் கல்வெட்டு? அமைச்சர் வருகிறாரே?"

"குற்றமும் இல்லை, நீக்கமும் இல்லை" என்றது பீலிக்ஸின் குரல். "இங்கே மார்கரெத்தா லோர் வாழ்ந்தாள், அயலவனுக்குக் கஞ்சி கொடுத்தாள் என்று எழுதலாமே. அது உண்மை."

யாரும் ஆட்சேபிக்கவில்லை. நல்லதைச் சொல்லப் படிவம் தேவையில்லை என்பது அந்த நகரத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜெயமலர் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் படி இறங்கினார். "தீர்ப்பு இல்லை. அப்ப நீங்கள் குற்றவாளி இல்லை. இனிப் பயமில்லை."

பின்னால் வந்த பீலிக்ஸ் தயங்கினார். "ஒரு விஷயம். உறுதிமொழியின்போது ஒரு கேள்வி கேட்பார்கள். முடிவடையாத வழக்கு ஏதும் உண்டா என்று. உண்டு என்றால் பத்திரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அதுதான் விதி."

"இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார் ஜெயமலர்.

புவனேந்திரன் நெற்றியிலிருந்த திருநீற்றைத் தொட்டார். ஜெயமலருக்கு அந்த முகத்தைத் தெரியும். "ஐயோ கடவுளே" என்றார். "விரதம்."

இரண்டு மணி. அறுபது பேரும் வந்திருந்தார்கள். நகரபிதா வாத்தியக் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்ததால், பத்திரம் வழங்க டொக்டர் ஸ்டெங்கல் அம்மையாரே மேடைக்கு வந்தார். விழா அலுவலக வேலை அல்ல என்பதால் பன்னிரண்டுக்குப் பிறகும் நடத்தலாம். அவர் உறுதிமொழியை வாசித்தார். புவனேந்திரன் திருப்பிச் சொன்னார். பிறகு அம்மையார் படிவத்தில் கண் வைத்து, நிமிராமல் கேட்டார்.

"உங்களுக்கு எதிராக முடிவடையாத வழக்கு ஏதும் உண்டா?"

முப்பத்தொன்பது வருடங்கள் அந்தப் பத்திரத்துக்கும் அவருக்கும் இடையில் நின்றன. இப்போது ஒரு மேசைதான் நின்றது. புவனேந்திரன் மூச்சை இழுத்தார். "ஆம், அம்மா. 1629ஆம்..."

அம்மையாரின் விரல் மேசையில் இருந்த ஒலிப்பெட்டியின் பொத்தானை அழுத்தியது. தேசிய கீதம் மண்டபம் அதிர எழுந்தது. அது நிகழ்ச்சியின் கடைசியில் வர வேண்டியது. எல்லோரும் திடுக்கிட்டு எழுந்து நின்றார்கள். அம்மையார் நெஞ்சில் கை வைத்து, புவனேந்திரனின் உதடு அசைவதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கீதம் முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"மன்னிக்க வேண்டும், ஹெர் புவனேந்திரன். சரியாகக் கேட்கவில்லை."

"ஆம் என்றேன். ஆலைச் சந்து..."

மறுபடி கீதம். மறுபடி எல்லோரும் எழுந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் ரோல்ஸை அவசரமாக விழுங்கினார்.

மூன்றாம் முறை பொத்தான் அழுந்தியபோது புவனேந்திரன் அம்மையாரின் கண்களைப் பார்த்தார். காலை 7.42க்குக் கண்ணாடியில் யாரோ ஓடிவருவதைப் பார்க்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவர் கண்டதில்லை. இப்போது கண்டார். பொய் சொல்லக் கூடாது என்று விரதத்தில் இருக்கிறது. ஒரு தேசத்தின் கீதத்தை விட உரத்துக் கத்த வேண்டும் என்று எங்கும் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

கீதம் ஓய்ந்தது. அம்மையார் நிதானமாக ஒரு கட்டத்தில் புள்ளடி போட்டு, முத்திரை குத்தி, பத்திரத்தை நீட்டினார்.

"வாழ்த்துகள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பிறகு எனக்குக் காது கேட்பதில்லை. திங்கள் எட்டு மணிக்குத்தான் திறக்கும்."

கைதட்டலுக்கு நடுவே ஜெயமலர் மூக்கைச் சிந்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரின் காதுக்குள் சொன்னார்:

"அந்த மனிசிக்கு நாலு ரோல்ஸ் கட்டி வையுங்கோ. ஏன் எண்டு கேட்டால், மிஞ்சினது எண்டு சொல்லுங்கோ."